"மனசு ஒப்பல"ன்னு கடைசி நிமிஷத்துல பின்வாங்கினவங்களைப் பார்த்திருக்கீங்களா?

பத்திரக்கடை

ரெண்டு வருஷமா மண்டைக்குள்ள ஓடிட்டிருக்கு, அதான் எழுதறேன்.

5 சென்ட் மனை. வில்லங்கம் 30 வருஷத்துக்குப் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தம். அப்பா காலமாகி, வாரிசுச் சான்று வாங்கி, அதுல இருக்கிற மூணு பேரும் சேர்ந்து விற்கறாங்க. கூட்டுப் பட்டா மூணு பேர் பேர்லயும் இருக்கு. தாய்ப்பத்திரம் ஒரிஜினல். முத்திரை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் ஆன்லைன்ல கட்டியாச்சு. வாங்கறவர் ஸ்கூல் வாத்தியார். சார்பதிவாளர் ஆபீஸ்ல டோக்கன் வந்து உள்ள கூப்பிட்டாச்சு, போட்டோ எடுத்தாச்சு. ரேகை மெஷின் மேல கட்டைவிரலைக் கொண்டுபோனவர், கண்ணாடியில படறதுக்கு ஒரு நூல் முன்னாடி கையை இழுத்துக்கிட்டார்.

"மனசு ஒப்பல. விட்ருங்க."

ஏன்னு கேட்டா அவருக்கே சொல்லத் தெரியல. வராந்தாவுல அவங்க வீட்டம்மா போட்ட சத்தத்துல சார்பதிவாளரே எட்டிப் பார்த்தார். ஒரு வாரம் கழிச்சு, நாங்க பத்திரம் எழுதற கடைக்கு வாத்தியார் வந்து நிக்கறார். "மனை பார்க்கப் போனப்ப அவங்க வீட்டு ஹால்ல உட்கார வெச்சாங்க. சுவத்துல மாலை போட்ட அப்பா படம். பக்கத்துல பழைய ஸ்டுடியோ குரூப் போட்டோ. அதுல பிள்ளைங்க நாலு பேர் சார்."

வாரிசுச் சான்றுல மூணு பேர்.

போட்டோவைப் பார்த்தப்ப அவருக்கு எதுவும் தோணல. சான்றைப் படிச்சப்பவும் தோணல. விரலை வைக்கிறப்பதான் கை நின்னிருக்கு. இதுக்கு என்ன பேர் சொல்றதுன்னு தெரியல. உங்களுக்குத் தெரிஞ்சதை எழுதுங்க.

கற்பூரத்தட்டு

பத்திரக்கடைக்காரர் சொன்ன அந்தக் கை இழுப்பை நாங்கள் வேறு இடத்தில் பார்க்கிறோம். பூக்கட்டிப் பார்க்கும்போது.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன், வேண்டாதவர்கள் தாண்டிப் போய்விடுங்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனிப் பொட்டலமாகக் கட்டிச் சாமி முன் போட்டு, ஒரு குழந்தையை ஒன்றை எடுக்கச் சொல்லிச் சாமியின் சம்மதம் கேட்பது. நந்தியாவட்டையும் அரளியும் என்றால் அரளிக் காம்பைக் கிள்ளிவிட வேண்டும், இல்லாவிட்டால் பொட்டலம் ஒரு பக்கம் புடைக்கும். குழந்தையின் கை புடைப்பான பொட்டலத்துக்குத்தான் போகும். இரண்டும் ஒரே அளவு வாழை இலைத் துண்டு, ஒரே நீளம் நார், ஒரே மாதிரி முடிச்சு. கட்டியவர் கையாலேயே சாமி முன் போடக்கூடாது; இன்னொருவர் குலுக்கிப் போட வேண்டும். எந்த நிறம் வந்தால் சம்மதம் என்று முன்கூட்டியே வாய்விட்டுச் சொல்லிவிட வேண்டும். பெரும்பாலும் வெள்ளைதான் சம்மதம், ஆனால் ஊருக்கு ஊர் மாறும். கேள்வி ஆம், இல்லை என்று பிரியக்கூடியதாக இருக்க வேண்டும். "இந்த வரனா அந்த வரனா" என்று கேட்டால், இரண்டுமே வேண்டாம் என்ற பதிலுக்கு இடமே இல்லாமல் போய்விடும்.

இத்தனையும் சரியாகச் செய்த ஒரு நாள். கல்யாணப் பேச்சு. குழந்தை ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பெண்ணின் அம்மா நாரைப் பிரித்தார். வெள்ளை. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டார். பெண் மட்டும் தரையில் கிடந்த மற்றப் பொட்டலத்தைப் பார்த்துக்கொண்டே நின்றது. அந்தப் பார்வையை நான் மட்டும்தான் கவனித்தேன் என்று நினைக்கிறேன். கல்யாணம் நடந்தது. நன்றாக இருக்கிறார்களா என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது.

நாலும் தெரிஞ்சவன் அல்ல

ரெண்டு கதையிலும் ஒரே ஓட்டை. வாத்தியார் கை பயத்துல கூட நின்னிருக்கலாம். வாழ்நாள் சேமிப்பை ஒரே நாள்ல கொடுக்கப் போறவன் கை நடுங்காம என்ன செய்யும்? அந்தப் போட்டோ விஷயம் ஒரு வாரம் கழிச்சு அவர் கண்டுபிடிச்ச காரணம். வீட்டம்மாகிட்ட ஏழு நாள் வாங்கிக் கட்டிக்கிட்டவர் காரணம் தேடாம இருப்பாரா?

2009ல உளவியல் ஆராய்ச்சியாளர்கள் டேனியல் கானமனும் கேரி க்ளைனும் சேர்ந்து ஒரு கட்டுரை எழுதினாங்க. முன்னவர் உள்ளுணர்வு எங்க சறுக்கும்னு தேடினவர். பின்னவர் தீயணைப்பு அதிகாரிகளோட உள்ளுணர்வு எப்படிப் பலிக்குதுன்னு பார்த்தவர். சண்டைக்கு உட்கார்ந்தவங்க ஒத்துப்போயிட்டாங்க. அவங்க வெச்ச நிபந்தனை ரெண்டு. அந்த வேலையில திரும்பத் திரும்ப வர்ற ஒழுங்கு இருக்கணும். அதைப் பழகவும், தப்பு சரி தெரிஞ்சுக்கவும் போதுமான வாய்ப்பு கிடைச்சிருக்கணும். தீயணைப்புக்காரருக்கு ரெண்டும் உண்டு. வாழ்க்கையில ஒரே ஒரு தடவை மனை வாங்கறவருக்கு? ஒரே ஒரு தடவை கல்யாணம் பண்றவருக்கு? தனக்கு எவ்வளவு உறுதியாத் தோணுதுங்கறதை வெச்சு அது சரியா தப்பான்னு முடிவு கட்ட முடியாதுன்னும் அந்தக் கட்டுரையிலயே இருக்கு.

அதனால பத்திரக்கடைக்காரரே, உங்க மனசு ஒப்பலைன்னா நான் நிறுத்துவேன். வாத்தியார் மனசு ஒப்பலைங்கறதுக்காக நிறுத்த மாட்டேன்.

ரெட்டை இலக்கம்

வாத்தியாருக்குத் தலை எண்ணறதுதானே ஐயா தொழில்? தினமும் காலையில நாப்பது தலை. ஒண்ணு குறைஞ்சா கண்ணுக்கு உறுத்தும். உங்க ரெண்டு நிபந்தனையும் அங்க நிறைவேறுது.

நாலும் தெரிஞ்சவன் அல்ல

அடப்பாவி. சரி, அதுக்கு நான் பதில் வெச்சிருக்கல.

ஆனா மனசுக்கு முன்னாடி உடம்புக்குத் தெரியும்னு யாராவது சீட்டுக்கட்டு சோதனையைத் தூக்கிட்டு வர்றதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன். நாலு கட்டுலேர்ந்து ஆட்டக்காரர் ஒவ்வொரு சீட்டா எடுக்கணும்; அதுல ரெண்டு கெட்ட கட்டு, பெரிய லாபமும் அதைவிடப் பெரிய நஷ்டமும். 1997ல வந்த ஆய்வுல, ஆட்டக்காரர் எது கெட்ட கட்டுன்னு வாயால சொல்றதுக்கு முன்னாடியே அதுகிட்ட கை போகும்போது உள்ளங்கை வியர்த்துச்சுன்னு காட்டினாங்க. 2004ல வேற ரெண்டு பேர் அதே ஆட்டத்தை வெச்சு, கேள்வியை மட்டும் நுணுக்கமா கேட்டாங்க. ஆட்களுக்கு விவரம் முன்னாடியே தெரிஞ்சிருந்தது. முதல் ஆய்வுல யாரும் சரியாக் கேட்கல, அவ்வளவுதான். வாத்தியார்கிட்ட அன்னைக்கே "வீட்டுல என்ன பார்த்தீங்க"ன்னு யாராவது கேட்டிருந்தா அங்கயே சொல்லியிருப்பாரோ என்னவோ.

சங்கிலி அளவு

யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லாமல் போக முடியவில்லை. மனசு உறுத்தினால் விலகுவதோ துணிவதோ இரண்டாம் பேச்சு. உறுத்தலை எங்கே கொண்டுபோய் சோதிப்பது என்று முதலில் தெரிய வேண்டும்.

வில்லங்கச் சான்று பதிவானதை மட்டும்தான் காட்டும். பதியாத உயில், வாய்வழிப் பாகப்பிரிவினை, விடுபட்ட வாரிசு ஆகியவை அதில் வராது. 'சுத்தம்' என்ற சொல்லை முதல் பதிவர் இவ்வளவு நிம்மதியாக எழுதியதே எனக்கு உறுத்துகிறது. போதாததற்கு, 1980களில் நடந்த யுடிஆர் எனும் நில உடைமைப் பதிவேட்டுப் புதுப்பிப்பில் பெயரும் பரப்பும் தவறிய கணக்குகள் ஏராளம். பழைய சர்வே எண்ணுக்கும் தேடிப் பார்க்காத வில்லங்கம் பாதி வில்லங்கம்.

வாரிசு விஷயம். உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சுயார்ஜித (தானே சம்பாதித்த) சொத்தில் மனைவி, மகன், மகள் எல்லாருக்கும் 1956 இந்து வாரிசுரிமைச் சட்டப்படி சம பங்கு. மகளுக்குக் கல்யாணமாகி இருந்தாலும்தான். பூர்வீகச் சொத்திலும் மகளுக்கு மகனைப் போலவே பிறப்புரிமை. இதைத் தமிழ்நாட்டில் 1989லும் நாடு முழுக்க 2005லும் கொண்டுவந்தார்கள். 'சீர் செய்து அனுப்பிவிட்டோம்' என்பது பங்கை அழிக்காது. பதிவு செய்த விடுதலைப் பத்திரம் வேண்டும். எல்லாரும் கோட்டை விடும் இன்னொரு ஆள் இறந்தவரின் அம்மா. மகன் இறந்த அன்று அவர் உயிரோடு இருந்தால் அவருக்கும் ஒரு பங்கு உண்டு. பிறகு அவரும் உயில் இல்லாமல் போனால், அந்தப் பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் கிளை விடும். இறந்தவரின் தம்பி திடீரென்று வக்கீல் நோட்டீஸ் அனுப்புவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான்.

செய்ய வேண்டியது சின்ன வேலை. பக்கத்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து "அவருக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேளுங்கள். "எத்தனை பையன்கள்?" என்று கேட்டுவிடாதீர்கள், அதற்கு மட்டும்தான் பதில் வரும். பழைய ரேஷன் கார்டு கிடைத்தால் பாருங்கள். நாளிதழில் 15 நாள் அவகாசம் கொடுத்துப் பொது அறிவிப்பு போடுங்கள். மனையில் நாலு பக்கத்தோடு ஒரு மூலைவிட்டமும் டேப் பிடியுங்கள், பக்க அளவு சரியாக இருந்தும் மனை கோணிக் கிடப்பதுண்டு. அது புல வரைபடத்தோடு ஒட்டவில்லை என்றால் சர்வேயரை வைத்து அளக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

என் பங்குக்கு ஒரு சம்பவம்: அளந்துகொண்டிருந்தபோது வாங்க வந்த அம்மா கிணற்றடியில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார். எல்லைக்கல் பக்கம் வரவே இல்லை. வாங்கவும் இல்லை. ஏன் என்று கேட்டிருக்கலாம்.

நொய்யல்

ஏனுங்க, சங்கிலி அண்ணன் சம்பவத்தைக் கறிவேப்பிலை மாதிரி கடைசியில போட்டுட்டாரு.

பூ கேக்கறது பத்தி ஒண்ணு. சிவன்மலை முருகன் கோயில்ல, சாமி ஒருத்தர் கனவுல வந்து சொன்ன பொருளை உத்தரவுப் பெட்டியில வைக்கறதுக்கு முந்தியும் பூ கேட்டுப்போட்டுத்தானுங்க வைப்பாங்க. கனவு வந்துச்சுன்னு ஒருத்தர் சொன்னா மட்டும் பத்தாது. சாமி ஊருலயே உள்ளுணர்வுக்கு ஒரு சரிபார்ப்பு இருக்குதுங்க.

அமெரிக்காவுல ஸ்டீவன் லெவிட்னு ஒரு பொருளாதாரக்காரர் இதையே காசு சுண்டிப் பண்ணாரு. வேலையை உடலாமா, பிரிஞ்சு போலாமான்னு ரோசனை பண்ணீட்டிருந்தவங்க ஆயிரக்கணக்குல வந்து சுண்டுனாங்க. பெரிய முடிவுல, மாறுன்னு காசு சொல்லி மாறுனவங்க ஆறு மாசம் கழிச்சு மத்தவங்களை விட சந்தோசமா இருந்தாங்களாம். புடிக்காத தீர்ப்பு வந்தா மூணு தடவை சுண்டறவனைப் பத்தி அவரு என்ன எழுதுனாருன்னு தெரியலைங்க. எங்கூர்ல அவனுக்கு முடிவு தெரியும், சாட்சிதான் தேடறான்னு சொல்லுவோம்.

கற்பூரத்தட்டு ஐயா, அந்தப் புள்ளைகிட்ட அன்னிக்கே நீங்க கேட்டிருக்கோணும்.

கற்பூரத்தட்டு

கேட்டிருக்க வேண்டும்.

ரெட்டை இலக்கம்

பத்திரக்கடை, அந்த நாலாவது பிள்ளை பையனா பொண்ணா? அந்த மனை என்ன ஆச்சு?

பத்திரக்கடை

மனை மூணு மாசத்துல வேற ஒருத்தருக்குக் கிரயம் ஆயிடுச்சு. பத்திரம் எங்க கடையில எழுதல. வீடு கட்டிட்டாங்க, பெயின்ட் கூட அடிச்சாச்சு, அந்தப் பக்கம் பஸ்ல போறப்ப தெரியும். கேஸ் கீஸ் வந்ததா இதுவரைக்கும் காதுல விழல. பக்கத்து வீட்டுப் பிள்ளை போட்டோவுக்கு வந்து நின்னதாக்கூட இருக்கலாம்.

வாத்தியார்கிட்ட கேட்டேன். ரெட்டைச் சடை, ரிப்பன் கட்டியிருந்துச்சுன்னார். சான்றுல இருந்த மூணு பேரும் ஆம்பளைங்க.