புதுப்பிப்பு: சிவகங்கை ஜமீன் பட்டம் என்ற எங்கள் வீட்டுக் கதை

முப்பாட்டனாருக்குச் சிவகங்கை அரசர் ஜமீன் பட்டம் கொடுத்தார் என்று எங்கள் வீட்டில் சொல்வது நிஜமா என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. பட்டம் கிடையாது.

கல்வெட்டு, ஆவணக் காப்பகம் என்று பல வழி சொன்னீர்கள். கைகொடுத்தது, 'முதலில் வீட்டு ஏடுகளை முழுசாகப் படியுங்கள்' என்ற யோசனைதான். காரைக்குடி வீட்டில் பெரியப்பா பெட்டகத்தைத் திறந்து கொடுத்தார். இசைகுடிமான ஓலைகளில் (நகரத்தார் கல்யாணத்தில் எழுதும் ஒப்பந்த ஓலைகள்) எலுமிச்சம்புல் எண்ணெய் தடவியதும் எழுத்து தெளிந்தது. ஊர், கோவில், பெண் மாப்பிள்ளை பெயர் எல்லாம் இருந்தன. நகரத்தாரின் ஒன்பது கோவில்களில் ஒன்றான இளையாத்தங்குடிக் கோவில் என்று வருகிறது, ஜமீன் என்று எங்குமே வரவில்லை.

அப்புறம், பட்டத்துக்கு ஆதாரம் என்று வீட்டில் வைத்திருந்த பழைய முத்திரைத்தாள். அதிலிருந்த 'சிவகங்கை ஜமீன்' என்ற வரியைத்தான் இத்தனை வருஷம் எல்லோருக்கும் காட்டினோம். மடிப்பைப் பிரித்தால் கீழே 'அடமானம்', வட்டி, தவணை! ஜமீனுக்கு உட்பட்ட கிராமத்து நிலத்தின் பேரில் முப்பாட்டனார் கடன் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். 1803இல் கிழக்கிந்தியக் கம்பெனி ஜமீனுக்கான நிரந்தர சன்னது (உரிமைப் பத்திரம்) கொடுத்ததும் சிவகங்கை அரச குடும்பத்துக்குத்தான்.

எதிர்பாராத ஒன்று: தாளின் பின்பக்கம் ரங்கூன் கடை விலாசம், முப்பாட்டனார் கைப்பட எழுதியது. அவர் பர்மா போனதே எங்களுக்குத் தெரியாது. பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டு அந்த வரியை மறுபடி மறுபடி வாசிக்கச் சொன்னார். எனக்கு இதுதான் பெரிய சொத்து.