சைக்கிளில் போனபோது நடந்தது, இன்னும் மனதை விட்டுப் போகாதது: உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்

நாலு வாரம் ஆகிவிட்டது, யாரிடமாவது சொன்னால்தான் ஆறும் போலிருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன். ஞாயிறு காலை, தனியாக, வழக்கமான 80 கிலோமீட்டர் சுற்று. பாதி வழியில் ஒரு பெரியவரைத் தாண்டினேன். பழைய இரும்பு ஃபிரேம், கியர் மாற்றும் குச்சி ஹேண்டில்பாரில் இல்லாமல் கீழ்க்குழாயில் இருக்குமே, அந்தக் காலத்து வண்டி. என்னைப் பார்த்துக் கையைத் தூக்கினார். நான் அன்றைக்குச் சராசரி வேகம் 30-க்குக் கீழே இறங்கக்கூடாது என்று ஹேண்டிலில் மாட்டியிருக்கும் வேகம் காட்டும் கம்ப்யூட்டரிலேயே கண்ணை வைத்திருந்தேன். அவர் கையைப் பார்த்தேன். ஆனால் திருப்பிக் கை தூக்கவில்லை.

அஞ்சு கிலோமீட்டர் தள்ளிப் பின் டயர் பஞ்சர். ட்யூபை மாற்றினேன், டயரில் காற்றடிக்க வைத்திருந்த ஒரே கேஸ் குப்பியையும் அடித்து முடித்தேன், ஏறி உட்கார்ந்து நூறு மீட்டர் போவதற்குள் மறுபடியும் சொத்தென்று இறங்கிவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருக்கும்போது அவர் வந்து சேர்ந்தார். எதுவும் கேட்கவில்லை, வண்டியைச் சாய்த்து வைத்துவிட்டு நேராக டயரைக் கையில் வாங்கினார்.

அந்தக் கை எனக்கு அப்படியே ஞாபகம் இருக்கிறது. டயரின் உள்பக்கம் இரண்டு விரலை வைத்து, அவசரமே இல்லாமல் சுற்றி வந்தார், கண்ணை மூடிக்கொண்டு. ஒரு இடத்தில் விரல் நின்றது. "இங்கதான் இருக்கு" என்றார். நகத்தால் கிள்ளி இழுத்து என் உள்ளங்கையில் வைத்தார், லாரி டயர் கிழிந்து ரோட்டில் கிடக்குமே, அதிலிருந்து வரும் கம்பி இழை. கண் இமை முடி அளவுதான் இருக்கும். நான் டயருக்குள் கை விட்டே பார்க்கவில்லை, புது ட்யூபையும் அதே கம்பி குத்தியிருக்கிறது. அப்புறம் ட்யூபை உப்புத்தாளில் தேய்த்து, பசை தடவி, ஊதாமல் காத்திருந்தார். "பளபளப்பு போகணும் தம்பி, அதுவரைக்கும் தொடாதே." ஒட்டுப் போட்டு, அவருடைய கைப்பம்பில் ஆளுக்குக் கொஞ்சமாக மாற்றி மாற்றி அடித்தோம். முடிந்ததும் "நீ போப்பா, நான் மெதுவா வர்றேன்" என்று சொல்லிவிட்டார்.

நன்றி சொன்னேன். கை தூக்காமல் போனதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

* * *

அண்ணா, படித்ததும் எனக்கு இரண்டு வருடத்துக்கு முந்தைய ஒன்று ஞாபகம் வந்துவிட்டது. எதிர்க்காற்று, திறந்த வெளி, ஒரு மரம் கிடையாது. 90 கிலோமீட்டர் தாண்டி, கையில் சாப்பிட எதுவும் இல்லை, காலில் சுத்தமாக உயிர் இல்லை. முன்னால் ஒரு அக்கா போய்க்கொண்டிருந்தார், முகம் பார்த்ததே இல்லை, நீல ஜெர்சி மட்டும் தெரியும். காற்று மறைவுக்காக அவர் பின்சக்கரத்தை ஒட்டியே போனேன். 14 கிலோமீட்டர். ஒரு தடவைகூட முன்னால் போகவில்லை, ஒரு வார்த்தை பேசவில்லை, பேச மூச்சும் இல்லை.

நான் இருப்பது அவருக்குத் தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஒவ்வொரு பள்ளத்துக்கும் இடுப்புக்குப் பின்னால் கையைக் கொண்டுவந்து ஒரு விரலால் காட்டிக்கொண்டே போனார். தனியாகப் போகிறவர் யாருக்காகக் காட்டுவார்? சாலை பிரியும் இடத்தில் அவர் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். கடைசியாகப் பார்த்ததும் அந்த விரல்தான். அவர் இல்லாவிட்டால் நான் அன்றைக்கு வீடு வந்திருக்க மாட்டேன்.

* * *

தம்பி, கோபித்துக்கொள்ளாதே, ஆனால் இதைச் சொல்லாமல் விட முடியாது. முன்பின் தெரியாதவர் பின்னால் சொல்லாமல் ஒட்டிக்கொள்வது தப்பு. அந்த அம்மா நல்லவர், கவனித்துவிட்டார். நான் கவனிக்கவில்லை.

சின்ன மேடு. அதுவரை உட்கார்ந்தே மிதித்துக்கொண்டிருந்தவன் கியரைக் கூட்டி எழுந்து நின்றேன். எழுந்து நிற்கும் அந்த ஒரு கணத்தில் சைக்கிள் அரை அடி பின்னால் போகும், ஓட்டுகிற எல்லோருக்கும் தெரியும். எனக்குப் பின்னால் ஒருவர் ஒட்டி வந்துகொண்டிருந்தது எனக்குத் தெரியாது. ஒரு "ஸ்ர்ர்ர்" சத்தம், டயரும் டயரும் உரசும் சத்தம், அப்புறம் தார் ரோட்டில் ஆள் விழும் சத்தம். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முன்சக்கரம் உரசினால் விழுவது பெரும்பாலும் பின்னால் இருப்பவர்தான், ஹேண்டிலைத் திருப்பிச் சமாளிக்க அவருக்கு வழி இருக்காது. கழுத்தெலும்பு உடைந்துவிட்டது. ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், அவர் என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே இருந்தார். என்னால்தான் விழுந்தார், அவர் மன்னிப்புக் கேட்கிறார். ஆறு வருடம் ஆகிறது, இன்றைக்கும் எழுந்து மிதிப்பதற்கு முன்னால் திரும்பிப் பார்க்காமல் என்னால் எழ முடியவில்லை.

"அக்கா, கொஞ்ச தூரம் பின்னால வரட்டுமா?" அவ்வளவுதான். மூச்சு இல்லை என்றால் ஒரு இருமலாவது இருமலாமே.

* * *

மேலே இரண்டு பேர் சொன்னதும் சரிதான், ஆனால் முதலில் ஒன்று புரிந்துகொள்ள வேண்டும். சமதளத்தில் 30 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது நம் உழைப்பில் பெரும்பகுதி காற்றைத் தள்ளவே போய்விடுகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றுக்காக மட்டும் எட்டு மடங்கு சக்தி வேண்டும். அதனால் எதிர்க்காற்றில் ஒருவர் பின்னால் ஒதுங்குவது பேராசை இல்லை, தேவை. ஆனால் அதற்கு முறை இருக்கிறது. முன்சக்கரத்தை முன்னால் போகிறவரின் பின்சக்கரத்துக்குப் பக்கவாட்டில் ஒருபோதும் நுழைக்காதீர்கள், அவர் ஒரு அடி நகர்ந்தாலே கதை முடிந்தது. அவருடைய டயரையே முறைத்துப் பார்க்காதீர்கள், இடுப்புக்கு மேலே, அவர் தோளைத் தாண்டிப் பாருங்கள். இடைவெளி குறைந்தால் பிரேக் பிடிப்பதற்குப் பதிலாக மிதிப்பதை நிறுத்துங்கள், அதுவும் போதாதென்றால் நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சில் காற்றை வாங்குங்கள், தானாக வேகம் குறையும். எழுந்து மிதிக்கும் பழக்கம் உள்ளவர்கள் மிதியை விடாமல், காலை அழுத்தும்போதே எழ வேண்டும், அப்போது வண்டி பின்னால் போகாது. இதை வெற்று ரோட்டில் தனியாகப் பழகுங்கள்.

அப்புறம் அந்த 90 கிலோமீட்டர் தம்பிக்கு. உடம்பில் சேர்த்து வைத்திருக்கும் மாவுச்சத்து, விரட்டி மிதித்தால் ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்குத்தான் வரும். பசி தெரிந்த பிறகு சாப்பிடுவது தாமதம்தான். முதல் அரைமணியிலிருந்தே கொஞ்சம் கொஞ்சமாக வாயில் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும், தண்ணீரும் அப்படித்தான்.

பஞ்சர் ஆன நண்பருக்கும் ஒன்று. கேஸ் குப்பி மட்டும் எடுத்துக்கொண்டு தனியாகப் போகாதீர்கள். குப்பி ஒரு தடவைதான், கைப்பம்ப் எத்தனை தடவை வேண்டுமானாலும். இரண்டு ட்யூப், ஒரு ஒட்டுப்பெட்டி. ட்யூபில் ஓட்டை எந்த இடத்தில் இருக்கிறதென்று வால்விலிருந்து அளந்து, டயரில் அதே இடத்தைத் தேடினால் சுற்றித் தடவ வேண்டிய வேலையே மிச்சம். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளோ கம்பியோ இல்லை, காற்று குறைவாக வைத்துப் பள்ளத்தில் இறக்கியதில் ரிம் கடித்திருக்கிறது.

என் அனுபவம் பெரிதாக ஒன்றுமில்லை. 110-வது கிலோமீட்டரில் கண் இருட்டி ரோட்டோரம் உட்கார்ந்துவிட்டேன், ஒரு லாரிக்காரர் நிறுத்தி, கையில் சர்க்கரையைக் கொட்டி, நான் நிமிர்ந்து உட்காரும்வரை போகாமல் நின்றார்.

* * *

லாரிக்காரர் கதையை முதலில் எழுதியிருக்கலாம் சார், அதுதான் நான் படிக்க வந்தது.

என்னுடையது. நானும் தங்கையும். அவளுக்கு ரோடு பைக் வாங்கி மூன்றாவது வாரம், காலை மிதியோடு பூட்டிவிடும் கிளிப் ஷூ போட்டு இரண்டாவது நாள். ஒரு வளைவில் நாய் ஓடி வந்தது. நான் தலையைக் குனிந்து, கியரைத் தட்டி, விரட்டி மிதித்துத் தப்பித்துவிட்டேன். இருநூறு மீட்டர் போன பிறகுதான் அவள் பின்னால் இருக்கிறாள் என்பதே மண்டையில் உறைத்தது.

திரும்பிப் பார்க்கிறேன். அவள் நின்றிருந்தாள். ஒரு காலை எப்படிக் கழற்றினாளோ, சைக்கிளை இறங்கித் தனக்கும் நாய்க்கும் நடுவில் குறுக்கே பிடித்துக்கொண்டு, "என்னடா, என்ன வேணும், போடா வீட்டுக்கு" என்று அதனிடம் சத்தமாகப் பேசிக்கொண்டிருந்தாள். நாய் குரைப்பதை நிறுத்திவிட்டு அவளையே பார்த்தது, திரும்பி நடந்துவிட்டது. நான் போய்ச் சேர்ந்தபோது ஹேண்டிலைப் பிடித்திருந்த அவள் கை வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. என்னை ஒன்றும் கேட்கவில்லை. வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை. திட்டியிருந்தாலாவது பரவாயில்லை.

* * *

உங்கள் தங்கை செய்ததுதான் சரி, ஓடுகிறதைத்தான் நாய் துரத்தும், நின்றால் பெரும்பாலும் அதற்கு ஆர்வம் போய்விடும். தண்ணீர் பாட்டிலைப் பீய்ச்சு என்று சிலர் சொல்வார்கள், நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், ஒரு கையை ஹேண்டிலிலிருந்து எடுத்துக் கீழே குனிகிற நேரத்தில்தான் நான் விழுந்தேன். கடி சின்னக் கீறல்தானே என்று ஓட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்துவிட்டேன், மறுநாள் மருத்துவர் போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. தயவுசெய்து எல்லோரும் கேளுங்கள்: நாய்ப் பல் தோலைக் கீறினாலே, உடனே ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும், அன்றைக்கே ஊசிக்குப் போக வேண்டும். வெறிநாய்க்கடி நோய்க்கு அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது அநேகமாக முடியாது.

* * *

நான் வேறு பக்கத்திலிருந்து எழுதுகிறேன். பதினைந்து வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன், கார்க் கதவைப் பற்றி எத்தனையோ பேரிடம் புலம்பியிருக்கிறேன். அன்றைக்குக் காரில் இருந்தது நான். ஓரமாக நிறுத்திவிட்டு, போனில் ஏதோ பார்த்துக்கொண்டே கதவைத் திறந்தேன்.

டக்கென்று ஒரு நிழல். கதவு விளிம்புக்கும் சைக்கிளில் வந்தவன் முழங்கைக்கும் நடுவில் ஒரு கை அகலம் இருந்திருக்குமா, தெரியாது. ஓட்டியது ஒரு சின்னப் பையன், 16, 17 வயது இருக்கும். ஒடித்துச் சமாளித்துப் போய்விட்டான். அவன் ஒடித்த பக்கம் பஸ் வந்திருந்தால்? கொஞ்ச தூரம் போய்க் காலை ஊன்றித் திரும்பிப் பார்த்தான். கத்தவில்லை, கையை நீட்டவில்லை. சும்மா பார்த்தான், போய்விட்டான். என் ஹெல்மெட் பின் சீட்டில் கிடந்தது.

அன்றிலிருந்து கதவுக்குப் பக்கத்துக் கையால் திறப்பதே இல்லை. எட்ட இருக்கும் கையை நீட்டினால் உடம்பு தானாகத் திரும்பும், கண் தானாகப் பின்னால் போகும். நெதர்லாந்தில் ஓட்டுநர் பழகும்போதே இப்படித்தான் சொல்லித்தருகிறார்கள். ஓட்டுகிறவர்களும் நிற்கிற கார்களிலிருந்து ஒரு கதவு அகலம் தள்ளியே போங்கள், பின்னால் ஹாரன் அடித்தாலும் பரவாயில்லை.

* * *

எல்லாவற்றையும் படித்தேன். முதலில் எழுதியவருக்குத்தான் பதில். 1913 டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தில் யூஜீன் கிறிஸ்டோஃப் என்பவருக்கு டூர்மலே கணவாய் இறக்கத்தில் முன்சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க் உடைந்துவிட்டது. சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு கீழே ஊர்வரை நடந்து, ஒரு கொல்லன் பட்டறையில் தன் கையாலேயே அதை ஒட்டினார், ஏனென்றால் யாரும் உதவக்கூடாது என்பது அன்றைய போட்டி விதி. துருத்தி ஊத ஒரு சிறுவனை விட்டார் என்று அதற்கும் நேர அபராதம் போட்டார்கள். நாம் போட்டிக்குப் போகிறவர்கள் இல்லை. நமக்காக ஒருவர் நிற்கலாம், நாமும் நிற்கலாம்.

நான் 300 கிலோமீட்டர் பிரவே (கெடு நேரத்துக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர ஓட்டம்) ஒன்றில், 20 மணி நேரக் கெடுவில் ஒன்றரை மணி மீதி இருக்கும்போது, இருட்டில் செயின் அறுந்து நின்ற ஒருவரைத் தாண்டிப் போனேன். "உதவி வேணுமா?" என்று கேட்டேன், "வேண்டாம், நீங்க போங்க" என்றார். போய்விட்டேன், நேரத்துக்குள் முடித்தேன். அவரிடம் செயின் வெட்டும் கருவி இருந்ததா என்று கேட்கவில்லை. என் பையில் இருந்தது. அவர் முடித்தவர்கள் பட்டியலில் இல்லை.

* * *

முதலில் எழுதியவன்தான். கைப்பம்ப் வாங்கிவிட்டேன், ஒட்டுப்பெட்டியும். வால்விலிருந்து அளக்கும் விஷயம் எனக்கு உண்மையிலேயே தெரியாது, அந்த சாருக்கு நன்றி. பிரவே அண்ணா, அவர் வேண்டாம் என்றுதானே சொன்னார்? நானும் அந்த இடத்தில் போயிருப்பேன், இருந்தாலும் உங்களுக்கு ஏன் உறுத்துகிறதென்று புரிகிறது.

அந்த வண்டி என்ன கம்பெனி என்று ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார். பெயிண்ட் முழுக்கப் போய்விட்டிருந்தது, எழுத்து எதுவும் தெரியவில்லை. இடது மிதி மட்டும் ஒவ்வொரு சுற்றுக்கும் "கிரீச்" என்று ஒரு சத்தம் போடும். நாலு ஞாயிறும் அதே நேரத்துக்கு அதே ரோட்டில் போய்ப் பார்த்துவிட்டேன், காணவில்லை. இந்த வாரம் எதிர்த் திசையில் சுற்றலாம் என்று இருக்கிறேன். கம்ப்யூட்டரை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போகிறேன்.