கிரீட் தீவுக்குப் போய்வந்தவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். செப்டம்பர் கடைசியில் அம்மாவுடன் கிரேக்கத்தின் கிரீட் தீவுக்குப் போகிறேன். கிழக்கு மேற்காக ஏறத்தாழ 260 கிலோமீட்டர் நீளமுள்ள தீவு, நடுவே 2,456 மீட்டர் உயர சிலோரிட்டிஸ் மலை. அதனால் ஹெராக்லியனிலும் ஹானியாவிலும் பிரித்துத் தங்குகிறோம்.

ஹெராக்லியன் பக்கம் கவலையில்லை. 1900இல் ஆர்தர் எவன்ஸ் அகழத் தொடங்கிய க்னோசோஸ் அரண்மனை நகரத்துக்கு அருகிலேயே இருக்கிறது, பஸ்ஸில் போய்விடலாம்.

சமாரியா பள்ளத்தாக்கில்தான் உங்கள் உதவி வேண்டும். இருபுறமும் சுமார் 300 மீட்டர் செங்குத்துப் பாறைகள், இடையில் நான்கு மீட்டர் அளவே இடைவெளி: 'இரும்பு வாசல்' எனப்படும் அந்த இடத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்கிறார் அம்மா. எனக்கும் அதே ஆசைதான். ஆனால் மேலிருந்து 16 கிலோமீட்டர் இறங்கிவர அவருடைய மூட்டுவலி இடங்கொடுக்காது. சாலையே இல்லாத அகியா ரூமேலி என்ற கடலோர ஊருக்குப் படகில் போய், கீழ்ப்பக்கமாக நுழைந்து, வாசல்வரை நடந்து திரும்பலாம் என்றிருக்கிறேன். அந்தப் பாதையில் உருளும் கூழாங்கற்கள் அதிகமா? ஓடையைத் தாண்ட மரப்பாலம் உண்டா, கல்மேல் கால்வைத்துத்தான் போகவேண்டுமா? நிழல் கிடைக்குமா? கடல் கொந்தளித்துப் படகு நின்றுவிட்டால் அங்கே இரவு தங்க அறை கிடைக்குமா?

வயதானவர்களை அழைத்துப் போனவர்கள் இருந்தால் அவசியம் எழுதுங்கள். அம்மா சைவம், தக்காளியும் பாலாடைக்கட்டியும் வைத்த 'தாக்கோஸ்' தவிர வேறென்ன கிடைக்கும் என்பதையும் சொன்னால் நன்றியுடன் குறித்துக்கொள்வேன்.