ஊட்டி: சீசனுக்கு லாட்ஜைக் காலி செய்யச் சொல்கிறார்கள், செமஸ்டர் தேர்வு வரை எங்கே தங்குவது?

பந்தலூர்ப் பெண் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். ஊட்டியில் ஒரு கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன், சொந்த ஊர் பந்தலூர் பக்கம். தினமும் போய்வருவது நடக்காத காரியம், கூடலூர் வந்து பஸ் மாறி நடுவட்டம், பைக்காரா வழியாக மலை ஏறி வருவதற்குள் காலை வகுப்பு முடிந்துவிடும். முதல் வருடம் கல்லூரி ஹாஸ்டலில் இருந்தேன். இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பிள்ளைகளுக்கே இடம் போதவில்லை, சீனியர்கள் வெளியே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீடு தேடினோம். மூன்று பெண்கள், கூடப் பெரியவர்கள் யாரும் இல்லை என்றதும் இல்லை என்று சொன்னவர்கள்தான் அதிகம், காலியாக இருந்த மற்ற வீடெல்லாம் காட்டேஜ் போர்டு மாட்டி நாள் வாடகைக்கு ஓடுகிறது. கடைசியில் நானும் வகுப்புத் தோழிகள் இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டுக்கு மேலே ஒரு லாட்ஜில் மாதம் 12,000 பேசி ஓர் அறை எடுத்தோம், அட்வான்ஸ் 10,000.

அறை எப்படி என்றால், ஒரு டபுள் கட்டில், தரையில் ஒரு மெத்தை, சுவரில் டிவி. மேசை கிடையாது. பிளக் பாயின்ட் ஒன்றே ஒன்று, அதுவும் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால், அதில் கெட்டிலைப் போட்டால் செல்போன் சார்ஜ் இல்லை. வெந்நீர் காலை ஆறிலிருந்து ஏழரை வரை, ஆளுக்கு ஒரு பக்கெட். ஆகஸ்ட் மழையில் சுவர் ஓதம் ஏறி ரெக்கார்டு நோட்டின் ஓரமெல்லாம் உப்பிப்போய்விட்டது. சமைக்கக் கூடாது, அதனால் மூன்று வேளையும் கடைச் சாப்பாடு. சனிக்கிழமை இரவு பக்கத்து அறைகளில் பாட்டு, சத்தம், அறை மாறிக் கதவைத் தட்டுகிறவர்கள். ஆயுத பூஜை, பொங்கல் லீவுக்கெல்லாம் எங்களை மாடிப்படிக்குக் கீழே இருக்கிற சின்ன அறைக்கு மாற்றிவிட்டு எங்கள் அறையைச் சுற்றுலா வந்தவர்களுக்குக் கொடுத்தார்கள். இதையெல்லாம் பொறுத்துக்கொண்டோம்.

இப்போது மார்ச் 31க்குள் காலி செய்ய வேண்டும் என்கிறார்கள், ஏப்ரலில் சீசன் தொடங்கிவிடுமாம். எங்களுக்குச் செமஸ்டர் தேர்வு ஏப்ரல் கடைசியில் தொடங்கி மே வரை போகும். இருக்க வேண்டுமென்றால் ஒரு நாளைக்கு 2,500 கொடுங்கள் என்கிறார்கள், எங்கள் வீடுகளில் அது முடியவே முடியாது. கல்லூரியில் கேட்டால் வெளியே தங்குவது உங்கள் பொறுப்பு என்கிறார்கள். லாட்ஜ்காரர் இப்படிச் சொல்ல முடியுமா? அட்வான்ஸ் திரும்ப வருமா? வேறு வழி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள், ரொம்பக் கவலையாக இருக்கிறது.

குன்னூர் வக்கீல்

தங்கச்சி, முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், கேட்க நன்றாக இருக்காது. தமிழ்நாட்டில் வாடகைக்கு இருப்பவர்களுக்கு 2017ஆம் வருடத்துச் சட்டம் ஒன்று இருக்கிறது, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. எழுத்தில் ஒப்பந்தம் இருக்க வேண்டும், அதை வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், ஒப்பந்தக் காலம் முடியும் முன்னால் நினைத்த நேரத்தில் வெளியேற்ற முடியாது என்பதெல்லாம் அதில் வருகிறது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஹோட்டல், லாட்ஜ், சத்திரம் இவையெல்லாம் சேர்த்தி இல்லை. நீங்கள் ஆறு மாதம் இருந்தாலும் அங்கே விருந்தாளிதான், வாடகைதாரர் இல்லை. மாத வாடகை கொடுக்கிறோமே என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள், பிரச்சினையே அதுதான்.

அதற்காக உங்கள் கையில் ஒன்றுமே இல்லை என்று அர்த்தமில்லை. மே வரைக்கும் என்று பேசித்தான் அறை கொடுத்தார்கள் என்றால், அதற்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ் இருந்தாலும் போதும், பேசிய சேவையைத் தராமல் பாதியில் நிறுத்துகிறார்கள் என்று நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம், ஊட்டியிலேயே மாவட்ட ஆணையம் இருக்கிறது. அட்வான்சுக்கும் அதே வழி. ஆனால் வழக்கு முடியும்போது உங்கள் தேர்வு எப்போதோ முடிந்திருக்கும், அதனால் தங்குவதற்கு இதை நம்பி இருக்காதீர்கள். அறை எடுத்த மாதத்திலிருந்து கொடுத்த பணத்துக்கெல்லாம் மாதவாரியாக ரசீது கேட்டு இன்றைக்கே வாங்கிவிடுங்கள், காலி செய்யும் வாரத்தில் கேட்டால் கிடைக்காது.

இன்னொன்று, பில்லில் ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். 2024 ஜூலை 15 முதல், ஓர் ஆளுக்கு மாதம் 20,000க்குள், தொடர்ந்து 90 நாளாவது தங்கினால் அந்தத் தங்கும் கட்டணத்துக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருக்கிறது. வெளியே தங்கிப் படிக்கிற மாணவர்களை மனதில் வைத்துக் கொண்டுவந்ததுதான். நாள் வாடகைபோலப் பில் போட்டு வரி வாங்கியிருந்தால் கேளுங்கள்.

லாட்ஜ் மேனேஜர்

நான் ஊட்டியில் ஒரு லாட்ஜில் வேலை பார்க்கிறேன், இந்தப் பெண் சொல்கிற லாட்ஜ் இல்லை. முதலாளி பக்கத்தையும் சொல்ல வேண்டும். இங்கே பாதி லாட்ஜ் லீசுக்கு எடுத்து நடத்துவது. ஏப்ரல், மே இரண்டு மாதத்தில் எடுக்கிற காசில்தான் வருட லீஸ், கரண்ட், சம்பளம் எல்லாம் போக வேண்டும். ஜூலை, ஆகஸ்டில் மழையில் அறைகள் சும்மா கிடக்கும், அப்போது மாணவர்கள் வந்தால் எங்களுக்கும் நிம்மதி. 2025 ஏப்ரலிலிருந்து, வெளியூர் வண்டிகள் மலைக்கு வர வாங்க வேண்டிய இ-பாஸுக்கு எண்ணிக்கை வேறு வைத்துவிட்டார்கள், சாதாரண நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000. அதனால் வருகிற கூட்டத்தை விடக் கூடாது என்று முதலாளிகள் இன்னும் கறாராகிவிட்டார்கள்.

ஆனால் தேர்வு எழுதுகிற பிள்ளைகளை நடுவில் இறக்கிவிடுவது தப்பு, அதை எங்கள் முதலாளியிடமே சொல்லியிருக்கிறேன். சேரும்போதே மே வரைக்கும் சேர்த்து ஒரே தொகையாகப் பேசியிருந்தால் மாதம் ஆயிரம் கூடியிருக்கும், ஆனால் தகராறு வராது. இப்போது செய்யக்கூடியது, ரோட்டைப் பார்த்த அறை வேண்டாம், பின்பக்கம் வெளிச்சம் வராத அறை ஏதாவது இருந்தால் தேர்வு முடியும்வரை கொடுங்கள், 15,000 தருகிறோம் என்று கேட்டுப் பாருங்கள். அந்த மாதிரி அறைகள் சீசனிலும் கடைசியாகத்தான் நிரம்பும். ரூம்பாயிடம் கேட்காதீர்கள், முதலாளியிடம் நேராக, அப்பா அம்மா யாரையாவது கூட்டிப்போய்ப் பேசுங்கள்.

கேத்திக்காரி

இந்தக் கேள்வியைப் பார்த்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. ஊட்டி டவுனுக்குள்ளேயே தேடுவதை விடும்மா. சேரிங் கிராஸ், கமர்சியல் ரோடு, ரோஜா பூங்கா பக்கமெல்லாம் ஒரு நாள் வாடகையில் சம்பாதிக்கிற இடம், அங்கே மாத வாடகைக்கு யாரும் மனதார வீடு கொடுக்க மாட்டார்கள். கொஞ்சம் வெளியே வா. லவ்டேல், கேத்தி, முள்ளிகொரை, இந்தப் பக்கத்து ஹட்டிகளில், அதாவது எங்கள் படுகர் கிராமங்களில், வீடு இருக்கிறது. எங்கள் ஊரில் பிள்ளைகள் எல்லாம் கோயம்புத்தூர், பெங்களூர் என்று வேலைக்குப் போய்விட்டார்கள், மாடியோ பின்கட்டோ பூட்டிக் கிடக்கும், கீழே தாத்தா பாட்டி மட்டும் இருப்பார்கள். பச்சைத் தேயிலைக்கு விலை கிடைக்காத காலத்தில் மாதம் ஐந்து, ஆறாயிரம் வந்தால் அவர்களுக்கும் பெரிய உதவி. போர்டு எதுவும் மாட்டியிருக்க மாட்டார்கள், டீக்கடையிலும் பால் சொசைட்டியிலும்தான் கேட்க வேண்டும்.

நீங்கள் மூன்று பேராகப் போய்க் கேட்டால் யோசிப்பார்கள், அது உண்மை. முதல் தடவை ஒருத்தருடைய அம்மாவைக் கூட்டிக்கொண்டு போங்கள், கல்லூரி அடையாள அட்டையைக் காட்டுங்கள், எந்த நேரத்துக்கு வீடு திரும்புவீர்கள் என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். வயதானவர்களுக்கு அதுதான் பயம், வேறொன்றும் இல்லை. ஒரு தடவை நம்பிவிட்டால் ராத்திரி கீரை, அவரை எல்லாம் மேலே வந்துவிடும். எங்கள் வீட்டு மாடியில் நர்சிங் படிக்கிற இரண்டு பெண்கள் இருந்தார்கள், ஹெத்தையம்மன் பண்டிகைக்கு எங்களோடுதான் வந்தார்கள்.

பஸ்தான் கஷ்டம். சாயங்காலம் ஸ்பெஷல் கிளாஸ், லேப் என்று தாமதமானால் கடைசி பஸ் போய்விடும், சீசனில் டிராபிக் வேறு. அட்வான்ஸ் கொடுக்கும் முன்னால் கடைசி பஸ் நேரத்தை டவுன் பஸ் ஸ்டாண்டில் நேரிலேயே கேளுங்கள், வீட்டுக்காரர் சொல்வதை மட்டும் வைத்து முடிவு எடுக்காதீர்கள். வீட்டைப் பார்க்கும்போது வடக்குப் பார்த்த சுவரில் கையை வைத்துப் பாருங்கள், சில்லென்று ஈரமாக இருந்தால் ஜூலையில் துணியும் காயாது, நோட்டும் தப்பாது.

இன்னும் ஒன்று, இதை அம்மா மாதிரி சொல்கிறேன். பிப்ரவரி வரைக்கும் உறைபனி விழும், லாட்ஜில் ஹீட்டர் கொடுக்கவில்லை என்று யாராவது கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவந்து மூட்டினால் ஒத்துக்கொள்ளவே கூடாது. ஜன்னலைச் சாத்திவிட்டுத் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு வாசனையே தெரியாமல் ஆளைக் கொன்றுவிடும். மலையில் அறை எடுத்துத் தங்க வந்தவர்கள் இப்படிச் செத்தது உண்டு. தணல் அணைந்த மாதிரி இருந்தாலும் உள்ளே வைக்காதீர்கள்.

ஓய்வுபெற்ற ஓவர்சியர்

ஹாஸ்டல் ஏன் கட்டவில்லை என்று பிள்ளைகள் கோபப்படுவது நியாயம்தான். காரணத்தையும் தெரிந்துகொண்டால் என்ன கேட்க வேண்டும் என்று தெரியும். நீலகிரியில் 1993 மாஸ்டர் பிளான் வந்த பிறகு 7 மீட்டர் உயரத்துக்கு மேலே கட்டிடம் எழுப்ப முடியாது. கீழே சமவெளியில் ஐந்து மாடி போட்டு 300 பேரைத் தங்கவைக்கிற நிலத்தில் இங்கே தரைத்தளமும் ஒரு மாடியும்தான். சரி, பக்கவாட்டில் போகலாம் என்றால் சரிவு, இல்லாவிட்டால் வனத்துறை எல்லை, இல்லாவிட்டால் சதுப்பு. மண்சரிவைப் பார்த்தவர்களுக்கு அந்த விதி ஏன் என்று புரியும், அதைத் தளர்த்தச் சொல்லி நான் கேட்க மாட்டேன். ஆனால் சீட்டை மட்டும் வருடா வருடம் கூட்டிக்கொண்டு போய், தங்குகிற இடத்தைப் பற்றி நினைக்காமல் இருப்பது கல்லூரிகளின் தப்பு.

புதிதாகக் கட்ட முடியாத ஊரில் இருக்கிற கட்டிடத்தைக் கல்லூரியே வாடகைக்கு எடுக்க வேண்டும். அமெரிக்காவில் ஃபுளோரிடாவில் நியூ காலேஜ் என்று ஓர் அரசுக் கல்லூரி, 2023இல் ஹாஸ்டல் அறைகளில் பூஞ்சை பிடித்து, இடமும் போதாமல் போனபோது, கல்லூரியே ஹோட்டல்களோடு ஒப்பந்தம் போட்டுப் பிள்ளைகளை அங்கே தங்கவைத்தது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பல்கலைக்கழகம் 2022இல் இடம் இல்லாமல் சில மாணவர்களை வேல்ஸில் இருக்கிற நியூபோர்ட் நகரத்துக்கே அனுப்பியது. அதிலும் குறை நிறைய இருந்தது, தூரம் என்று பிள்ளைகள் வருத்தப்பட்டார்கள். ஆனாலும் பேசியது கல்லூரி, பொறுப்பு கல்லூரியுடையது. சீசன் வந்துவிட்டது என்று 19 வயதுப் பெண்ணிடம் வந்து பேரம் பேச முடியாது. நீங்கள் எல்லோரும் கையெழுத்துப் போட்டு, எத்தனை பேர் லாட்ஜில் இருக்கிறீர்கள், எந்தத் தேதியில் வெளியேற்றுகிறார்கள் என்று எழுதிக் கல்லூரி முதல்வரிடம் கொடுங்கள். பதில் இல்லையென்றால் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் கொடுங்கள், முதலமைச்சர் உதவி மையத்தின் 1100க்கும் போன் போடலாம். மனுவில் ஹாஸ்டல் கட்டுங்கள் என்று எழுதாதீர்கள், தேர்வு முடியும் வரைக்கும் இடம் என்று மட்டும் எழுதுங்கள். சின்னதாகக் கேட்டால்தான் இந்த வாரம் நடக்கும்.

கொடைக்கானல் எம்.எஸ்சி.

தங்கச்சி, இங்கேயும் அதே கதைதான், மே மாதம் பிரையன்ட் பூங்கா மலர்க்கண்காட்சி நேரத்தில் மூஞ்சிக்கல் பக்கம் ஒரு அறையும் கிடைக்காது. அடுத்த வருடத்துக்கு அரசு விடுதிக்கு இப்போதே தயாராகுங்கள். ஆதிதிராவிடர், பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளுக்குத்தான் 2025இல் சமூகநீதி விடுதி என்று பெயர் மாற்றினார்கள். வீட்டுக்கும் கல்லூரிக்கும் 8 கிலோமீட்டர் இருக்க வேண்டும் என்ற விதி பெண்களுக்குக் கிடையாது, வருமானச் சான்றிதழை மட்டும் ஏப்ரலிலேயே இ-சேவையில் வாங்கி வையுங்கள், ஜூனில் அலைந்தால் இடம் போய்விடும். தனியார் லேடீஸ் ஹாஸ்டல் பார்த்தால் கலெக்டர் கொடுத்த லைசன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள், பெண்கள் விடுதிகளுக்கான 2014 சட்டப்படி அது கட்டாயம்.

பந்தலூர்ப் பெண்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. வக்கீல் அண்ணா, ரசீது கேட்டோம், நாலு மாதத்துக்குத்தான் எழுதிக் கொடுத்தார்கள், மீதியைக் கேட்டுக்கொண்டே இருக்கிறோம். வாட்ஸ்அப்பில் "படிப்பு முடியும் வரை இருந்துக்கலாம்" என்று மேனேஜர் அனுப்பிய மெசேஜ் தோழியின் போனில் இருக்கிறது, அதை மூன்று பேரும் எடுத்து வைத்துக்கொண்டோம். ஓவர்சியர் சார் சொன்னபடி மனு எழுதினோம், எங்களைப் போல லாட்ஜில் இருக்கிறவர்கள் மற்ற டிபார்ட்மென்டிலும் இருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது, பையன்கள் பாதிப் பேர் காந்தலில் ஒரே அறையில் ஆறு பேராகத் தங்கியிருக்கிறார்கள். அவர்களும் கையெழுத்துப் போட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா வருகிறார், கேத்தி பக்கம் போய்ப் பார்க்கிறோம். அக்கா, கேத்தியில் எந்த இடத்தில் இறங்கிக் கேட்க வேண்டும்? அட்வான்ஸ் எவ்வளவு கேட்பார்கள்?

கேத்திக்காரி

கேத்தி பாலாடாவில் இறங்கு, டீக்கடையில் கேட்டால் சொல்வார்கள். காலை பத்து மணிக்குள் வந்துவிடுங்கள், அதற்குப் பிறகு எல்லோரும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேலே யார் கேட்டாலும் கொடுக்காதே, வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாவிட்டால் அதற்கு மேல் வாங்கக் கூடாது என்றுதான் வக்கீல் சொன்ன சட்டத்தில் இருக்கிறது. கேஸ் கனெக்‌ஷன் வீட்டுக்காரர் பெயரில் இருக்கிறதா, இல்லை நீங்கள் கொண்டுவர வேண்டுமா என்பதையும் அங்கேயே கேட்டுவிடு.