நான்கறை வீட்டுக்கு எந்த ஹீட்டர்: தொட்டியா, உடனடியா?

தெங்காவாசி:

வணக்கம். சிங்கப்பூரின் தெங்காவில், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் (வீவக) முன்பதிவு செய்து கட்டப்பட்ட எங்கள் நான்கறை பிடிஓ வீட்டின் சாவி அடுத்த மாதம் கைக்கு வருகிறது. நானும் மனைவியும், 2 வயது மகனும், 68 வயதான அம்மாவும் குடியேறப் போகிறோம். இரு குளியலறைகளுக்கும் சேர்த்து 30 லிட்டர் தொட்டி ஹீட்டர் ஒன்றை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே பொருத்திவிடலாம் என்கிறார் ஒப்பந்தக்காரர். கடைக்காரரோ குளியலறைக்கு ஒன்றாக, நீர் ஓடும்போதே சூடாக்கும் உடனடி ஹீட்டர் போதும் என்கிறார். அம்மா ஷவரில் நின்று குளிப்பதில்லை. நாற்காலியில் அமர்ந்து, வாளியில் நிரப்பிய வெந்நீரைச் செம்பால் மொண்டு ஊற்றிக்கொள்வதே அவருடைய வழக்கம். டிசம்பர், ஜனவரியில் விடாமல் மழை பெய்து 23 டிகிரிக்கு இறங்கும் நாள்களில் குளிர்ந்த நீர் பட்டாலே அவருக்கு மூட்டு வலி கூடிவிடுகிறது. ஆகவே விலையைவிட அவருடைய வசதியையே முதலில் பார்க்கிறேன். அனுபவமுள்ளவர்கள் வழிகாட்டுங்கள்.

பொங்கோல் அன்பர்:

ஐயா, நம் குழாய் நீர் ஏறக்குறைய 28 டிகிரியில் வருகிறது. அதைக் குளியலுக்கு இதமான 40 டிகிரிக்கு உயர்த்த 12 டிகிரி சூடு சேர்த்தால் போதும் என்பதால், 3.3 கிலோவாட் உடனடி ஹீட்டர் நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 4 லிட்டர் தரும். சாதாரணக் கைஷவருக்கு அது நிறைவாகவே இருக்கும். தலைக்கு மேல் அகலமாகக் கொட்டும் மழை ஷவருக்குத்தான் போதாது. அம்மாவின் 15 லிட்டர் வாளி நிரம்ப 4 நிமிடம் ஆகும். 10 நிமிடம் ஓடினால் அரை யூனிட்டுக்குச் சற்று மேல் மின்சாரம் செலவாகும். யூனிட்டுக்கு 30 காசு என்று வைத்துக்கொண்டால் 17 காசு.

30 லிட்டர் தொட்டியில் 60 டிகிரிக்குச் சூடாக்கிய நீரைக் குளிர்ந்த நீருடன் கலந்தால், அதிகபட்சம் 80 லிட்டர் இதமான நீர் கிடைக்கும். அது தீர்ந்துவிட்டால், 1.5 கிலோவாட் கருவி மறுபடி சூடாக்க முக்கால் மணி நேரம் எடுக்கும். தீபாவளி விடியலில் வீட்டார் அனைவரும் எண்ணெய் தேய்த்து அடுத்தடுத்துத் தலைமுழுகும்போது கடைசியாகப் போகிறவருக்கு வெந்நீர் இருக்காது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஒன்று: புதிய வீவக வீட்டில் குளியலறைத் தரை, சுவர் ஓடுகளை முதல் 3 ஆண்டுகளுக்குப் பெயர்க்கக் கூடாது. ஆகவே குழாயை ஓடுகளுக்குள் மறைத்துப் பதிக்க முடியாது. தொட்டியிலிருந்து இறங்கும் வெந்நீர்க் குழாய் எந்த வழியாக வரும் என்று ஒப்பந்தக்காரரிடம் கேளுங்கள்.

ஈசூன் அம்மா:

எங்கள் வீட்டில் தொட்டி ஹீட்டர்தான் இருந்தது. உள்ளே துருவைத் தடுக்கும் மெக்னீசியக் கம்பி காலப்போக்கில் கரைந்துவிடும், அதை மாற்ற வேண்டும் என்று பொருத்தியவர் சொல்லவே இல்லை. ஆறாம் ஆண்டில் தொட்டி கசிந்து சீலிங் முழுவதும் ஊறிப்போயிற்று. தம்பி, உங்கள் மகனையும் நினைத்துப் பாருங்கள். 60 டிகிரி நீர் பிஞ்சுத் தோலைச் சில நொடிகளில் புண்ணாக்கிவிடும். தொட்டிதான் வேண்டுமென்றால் உரிமம் பெற்ற பிளம்பரை வைத்தே பொருத்துங்கள். எந்த ஹீட்டராக இருந்தாலும் பாதுகாப்புக் குறி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

தெங்காவாசி:

இருவருக்கும் மிக்க நன்றி. ஒப்பந்தக்காரரிடம் கேட்டேன், குழாய் ஓடுகளின் மேலேயே வெளியில் தெரியும்படி வரும் என்று ஒப்புக்கொண்டார். இரண்டு உடனடி ஹீட்டர்களே வாங்குகிறோம். அம்மா உட்கார்ந்தபடியே எடுத்து வாளிக்குள் விட்டுக்கொள்ள, கைஷவரின் தாங்கியைத் தாழ்வாகப் பொருத்தச் சொல்லியிருக்கிறேன்.