மகளுக்குக் கண்ணகி என்று பெயர் வைக்கலாமா? அத்தை வேண்டாம் என்கிறார்

கம்பத்துப்பெண்:
பாப்பா பிறந்து 19 நாள் ஆகிறது, முப்பதாம் நாள் தொட்டிலில் போட்டுப் பெயர் வைக்கிறோம். ரொம்ப வருடமாக நான் மனதில் வைத்திருக்கும் பெயர் கண்ணகி. மலைமேல் மங்கலதேவி கண்ணகி கோயிலுக்கு வருடத்தில் சித்திரா பௌர்ணமி ஒரு நாள்தான் விடுவார்கள். சின்ன வயதில் பளியன்குடியிலிருந்து அம்மா என்னை நடத்தியே கூட்டிப்போவார். கால் வலிக்கிறது என்று அழுதால், "அந்தம்மா மதுரையிலிருந்து வைகை ஓரமாவே தனியா நடந்து வந்தவங்க, ஏறு" என்பார். வீட்டுக்காரருக்குச் சம்மதம். அத்தை மதுரைக்காரர். "புருசனைப் பறிகொடுத்தவ பேரு, எங்க ஊரையே எரிச்சவ பேரு, பிள்ளைக்கு ஆகாது" என்று கண் கலங்குகிறார். அந்தப் பெயரோடு வளர்ந்தவர்கள் யாராவது சொல்லுங்கள்.

கண்ணகி_41:
என் பெயரே அதுதான். கஷ்டப்பட்டது சோகத்தால் இல்லை, கோபத்தால். ஏழாம் வகுப்பில் கணக்குத் தாளில் கூட்டல் தவறு, 67 வரவேண்டியது 57 என்று இருந்தது. கேட்கப் போனால் ஆசிரியர் "பள்ளிக்கூடத்தை எரிச்சிடாத தாயி" என்றார், வகுப்பே சிரித்தது, மார்க்கை அவர் திரும்பக் கூட்டிப் பார்க்கவே இல்லை. நியாயமாக ஒன்றைக் கேட்டாலும் பெயரைச் சொல்லி உட்காரவைத்து விடுவார்கள், உங்கள் மகளை இதற்குத் தயார் செய்யுங்கள். பெண் பார்க்க வந்த ஒரு வீட்டில் பெயரை மாற்றச் சொன்னார்கள், அப்பா அந்தச் சம்பந்தமே வேண்டாம் என்றுவிட்டார். என்னைக் கேட்டால், வையுங்கள்.

மட்டுநகர்:
எங்கட பக்கம் இந்தக் கேள்வியே வராது. மட்டக்களப்பில் ஊருக்கு ஊர் கண்ணகி அம்மன் கோயில் இருக்கு, வைகாசியில் சடங்கு நடக்கும். கடைசியில் திருக்குளிர்த்தி. மதுரையை எரித்த அம்மாவின் கோபத்தைக் குளிரவைக்கிற சடங்கு அது, அதற்குப் பிறகு மழையும் பிள்ளைகளின் சுகமும் அவ தருவா என்று நம்புகிறோம். என் அம்மம்மாவின் பெயர் கண்ணகை. அந்தப் பெயரைக் கேட்டால் எனக்கு நெருப்பு ஞாபகம் வராது, வேப்பிலையும் மஞ்சள் தண்ணீரும்தான் வரும்.

வாசகி:
நான் வேண்டாம் என்பேன், ஆனால் உங்கள் அத்தை சொல்லும் காரணத்துக்காக இல்லை. கண்ணகி என்றதும் நம் ஊரில் கற்பு, பத்தினி என்றுதான் பேச்சு போகிறது. நாளைக்கு உங்கள் மகள் யாரோடு பேசினாலும், யாரை விரும்பினாலும் "பேரைப் பாரு, நடத்தையைப் பாரு" என்பார்கள். சிலப்பதிகாரத்தில் எனக்குப் பிடித்த கண்ணகி வேறு. காமவேள் கோயிலில் தொழுதால் கணவன் திரும்புவான் என்று தோழி தேவந்தி சொல்லும்போது 'பீடன்று' (அது பெருமை இல்லை) என்று ஒரே சொல்லில் மறுக்கிறாளே, அந்தப் பெண். எரிக்கும்போதுகூட முதியவர்களையும் குழந்தைகளையும் பசுக்களையும் விட்டுவிடச் சொல்கிறாள். ஆனால் அவளைத் தெரிந்தா எல்லோரும் உங்கள் மகளைக் கூப்பிடப் போகிறார்கள்?

அவசரப்படாதீர்கள். 21 நாளுக்குள் பிறப்பைப் பதிந்தால் போதும். பெயரை ஒரு வருடத்துக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம், அதற்குப் பிறகும் 15 வருடம் வரை தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்கலாம்.

சிம்மக்கல்:
நானும் மதுரைதான். இங்கே செல்லத்தம்மன் கோயிலிலேயே கண்ணகிக்குச் சிலை இருக்கிறது, எரிந்த ஊரே அவளைக் கும்பிடுகிறது. அத்தையை ஒரு நாள் அழைத்துப் போங்கள். அதற்கு முன்னால், அவர் மனதில் இருப்பது அந்தக் காலத்துக் கண்ணகிதானா என்று கேட்டுப் பாருங்கள்.

கம்பத்துப்பெண்:
கேட்டேன். நேற்று ராத்திரி பாப்பாவுக்கு வசம்பு உரசிக்கொண்டிருந்தார், கையை நிறுத்தாமலேயே சொன்னார். அவருடைய சித்தி பெயர் கண்ணகி. கல்யாணமான இரண்டாம் வருடம் சித்தப்பா வேறொரு பெண்ணோடு போய்விட்டார், ஊரில் எல்லோரும் பெயர் பலித்துவிட்டது என்றார்களாம். சித்தி அதற்குப் பிறகு 30 வருடம் தையல் மிஷினில் உட்கார்ந்து அத்தையைப் படிக்கவைத்திருக்கிறார். அத்தைக்கு டீச்சர் வேலை கிடைத்ததே அவரால்தான். இதை இவ்வளவு நாள் யாரிடமும் சொன்னதில்லை. "அப்ப அவங்க பேரைத்தானே வைக்கணும் அத்தை" என்றேன். பதில் சொல்லவில்லை. காலையில் சித்தியின் பழைய போட்டோவை எடுத்துவந்து என்னிடம் காட்டினார், பாப்பாவுக்கும் அதே மோவாய்.

இன்னும் சரி என்று சொல்லவில்லை. முப்பதாம் நாளுக்கு ஒரு வாரம் இருக்கிறது. கண்ணகி_41 அக்கா, சான்றிதழில் ஆங்கிலத்தில் உங்களுக்கு 'ஜி' போட்டிருக்கிறார்களா, 'கே' போட்டிருக்கிறார்களா?