தனிவியாபாரம் கம்பனியாகும் ஆண்டு: தலைப்புக்கு ஒரு சொல் தேவை

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

எல்லோருக்கும் வணக்கம். வியாபாரிகளுக்கான வரிக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும். தனிவியாபாரத்தைக் கம்பனியாக்கும் ஆண்டில் வருமான விபரத்திரட்டு, அதாவது ஆண்டு வருமானத்தைக் காட்டும் வரிப் படிவம், கொடுப்பது எப்படி என்ற பகுதிக்கு 'உருமாற்றம்' என்று தலைப்பிட்டிருக்கிறேன். மனதுக்குப் பிடிக்கவில்லை. வேறு சொல் இருந்தால் தாருங்கள்.

மருதமுனையிலிருந்து:

சேர், 'உருமாற்றம்' வேண்டவே வேண்டாம். கடை அதே கடை, பெயர்ப்பலகைதான் புதிது என்று நினைத்துவிடுவார்கள். இலங்கையின் 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி பதிந்ததும் சட்டத்தின் கண்ணில் வேறோர் ஆள் பிறக்கிறார். அவருக்கு வரி இலக்கமும் வேறு. எங்கள் ஊர்க் கைத்தறிக்காரர் ஒருவர் ஒக்டோபர் 1இல் கம்பனியாகிறார் என்று வையுங்கள். வரி ஆண்டு தொடங்கும் ஏப்ரல் 1 முதல் செப்டம்பர் 30 வரையான இலாபம் அவருடைய சொந்த விபரத்திரட்டில் வரும். மிச்சம் மார்ச் 31 வரை கம்பனியுடையதில். இரண்டுக்கும் கடைசி நாள் அந்த மார்ச்சுக்குப் பின் வரும் நவம்பர் 30. தறி, நூல், விற்காத சாரன் எல்லாம் ஓர் ஆளிடமிருந்து இன்னோர் ஆளுக்குப் போகின்றன, அதையும் விலையோடு எழுத வேண்டும். ஆனால் நடப்பது என்ன? ஒக்டோபரிலும் பழைய பில் புத்தகம், காசு போவதும் பழைய வங்கிக் கணக்குக்கு. தலைப்பிலேயே 'இரண்டு ஆள்' என்பது தெரிய வேண்டும்.

கல்லடியிலிருந்து:

தம்பி சொல்வதற்கு நன்னூலிலேயே வழி இருக்கிறது. சொற்கள் சேரும்போது எழுத்தில் வரும் விகாரம் தோன்றல், திரிதல், கெடுதல் என மூன்று; கெடுதல் என்றால் மறைந்துபோதல். பொன்னும் குடமும் சேர்ந்த பொற்குடத்தில் னகரம் றகரமாவது திரிதல். உருமாற்றமும் அந்த வகைதான். இங்கே நடப்பதோ திரிதல் அல்ல. ஒன்று கெட்டு மற்றொன்று தோன்றுகிறது. ஆகவே 'கெடுதோற்றம்'.

அக்கரைப்பற்றிலிருந்து:

ஐயா, வரிக் கையேட்டில் 'கெடு' என்று கண்டால் சனம் கடைசித் திகதி என்றுதான் வாசிக்கும். 'கைமாற்றம்' எப்படி?

மருதமுனையிலிருந்து:

கைமாற்று என்றால் கடனல்லவா? முதலாளி கம்பனிக்குக் கடன் கொடுத்தார் என்றாகிவிடும். கணக்கில் அது வேறு விஷயம்.

கல்லடியிலிருந்து:

தவணை என்ற பொருளில் வரும் கெடுவும் காலம் கெடும் எல்லை என்பதால் வந்ததுதான் என்பது என் எண்ணம். அது கிடக்கட்டும். திருமூலர் மூலன் உடலில் புகுந்த கதை எல்லோருக்கும் தெரியும். 'கூடுபாய்தல்' என்று வைத்தால் பழைய கூடு கிடப்பதும் புதுக்கூடு எழுவதும் விளங்கும். இன்னொன்று, 'கம்பனி'யை எதற்குக் கட்டிக்கொண்டு இருக்கிறோம்? 'நிறுமம்' இருக்கிறதே. 1936இல் சென்னையில் கூடிய கலைச்சொல் மாநாட்டுக்குத் தலைமை தாங்கிய விபுலானந்த அடிகள் நம் காரைதீவில் பிறந்தவர். அந்த மண்ணில் இருந்துகொண்டு நாம் இப்படி எழுதலாமா?

அக்கரைப்பற்றிலிருந்து:

அடிகள் மேல் எனக்கும் அதே மதிப்பு உண்டு. ஆனால் சட்டத்தின் தமிழ்ப் பெயரே 'கம்பனிகள் சட்டம்'. படிவத்தில் ஒன்று, கையேட்டில் ஒன்று என்றால் கல்முனைக் கடைக்காரர் எதை நம்புவார்? கூடுபாய்தலில் உயிர் ஒன்றுதான். இங்கே ஆளே இரண்டு. 'கையளிப்பு' என்போம். கொடுப்பவர் ஒருவர், வாங்குபவர் ஒருவர். நாளும் திட்டமாக இருக்கும்.

களுவாஞ்சிக்குடியிலிருந்து:

சரி, இதுவரை நாலைந்து பேர் தனி மடலிலும் கையளிப்புக்கே கை தூக்கியிருக்கிறார்கள். 'கம்பனிக்குக் கையளித்த ஆண்டு' என்று போடுகிறேன்.

கல்லடியிலிருந்து:

அச்சுக்குக் கொடுங்கள், தடுக்கமாட்டேன். ஆனால் கையளிப்பில் பழைய வியாபாரம் முடிந்துபோன செய்தி எங்கே இருக்கிறது? ஒப்படைத்தவர் விலகிவிட்டார் என்றல்லவா தொனிக்கிறது? அவர்தானே நாளைக்கு இயக்குநர்! என் வாக்கு இன்னும் கெடுதோற்றத்துக்கே.

மருதமுனையிலிருந்து:

ஐயா கேட்டது சரியான கேள்வி. அவர் விலகுவதில்லை. கம்பனியில் எடுக்கும் சம்பளத்தைத் தன் சொந்த விபரத்திரட்டில் தொடர்ந்து காட்டியே ஆக வேண்டும். சேர், தலைப்புக்குக் கீழே அதற்கு இரண்டு வரி சேருங்கள். நாளை இரவுக்குள் எழுதி அனுப்புகிறேன்.